ஸ்டார்ட்அப் புரோகிராம்: கூப்பிடாமலே எழுந்து வருகிறவர்கள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அண்ணா இருக்கிறார். சுற்றுவட்டாரத்துச் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி ஃபாக்டரிக்கு அனுப்புகிற வேலை. யார் எத்தனை கிலோ கொடுத்தார்கள், யாருக்கு எவ்வளவு முன்பணம் போயிருக்கிறது என்பதெல்லாம் ஒரு எக்செல் ஃபைலில் இருக்கிறது. கம்ப்யூட்டர் வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. ஜூன் கடைசியில் ஒருநாள் கூப்பிட்டார். "தம்பி, இதைக் கொஞ்சம் வந்து பாரேன். ஆன் பண்ணிட்டு, டீ போட்டுக் குடிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கு."

காலையில் ஒருமுறை ஆன் செய்தால் இரவு வரை ஓடுகிற கம்ப்யூட்டருக்கு இது பெரிய குறை இல்லை. டீ குடித்த நேரம் என்று விட்டுவிடலாம். ஆனால் இங்கே காற்று மாதத்தில் ஒரு கற்பூர மரக்கிளை லைனில் சாய்ந்தால் போதும். கரண்ட் போகும், வரும், மறுபடி போகும். அண்ணாவின் யூபிஎஸ் பேட்டரி செத்து இரண்டு வருடம். ஒரு நாளில் நாலு தடவை முதலிலிருந்து ஆன் செய்யும்போது, வாசலில் இலை மூட்டையோடு ஆட்கள் நிற்கிறார்கள்.

பவர் பட்டனை அமுக்கி, மொபைலில் ஸ்டாப்வாட்ச்சைத் தட்டினேன். ஒன்றரை நிமிடத்தில் டெஸ்க்டாப் வந்துவிட்டது. உடனே எக்செல் ஃபைலை டபுள் கிளிக் செய்தேன். அது திறந்தபோது ஆறு நிமிடம் தாண்டியிருந்தது. நடுவில் காணாமல் போன அந்த நாலரை நிமிடத்தைப் பற்றித்தான் இனி எழுதப்போகிறேன்.

பட்டனை அமுக்கியதும் முதலில் விழிப்பது மதர்போர்டில் இருக்கிற ஒரு சின்ன மென்பொருள். மெமரி இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்டோஸை டிஸ்கிலிருந்து எடுத்து ஓடவிடும். விண்டோஸ் தனக்கு வேண்டிய பின்னணி வேலைகளைத் தொடங்கிவிட்டு, பாஸ்வேர்டு கேட்டு, டெஸ்க்டாப்பைக் காட்டும். வேலை முடிந்தது என்று நாம் மவுஸைப் பிடிக்கிறோம். இன்னொரு கூட்டம் உள்ளே நுழைய ஆரம்பிப்பதே அப்போதுதான். "இவர் லாகின் செய்ததும் என்னையும் எழுப்பிவிடு" என்று விண்டோஸிடம் எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற புரோகிராம்கள் அவை. ஸ்டார்ட்அப் புரோகிராம் என்பது இதைத்தான்.

எழுதிக் கொடுத்தது யார்? பெரும்பாலும் அந்தந்த புரோகிராமேதான். இன்ஸ்டால் செய்யும்போது நாம் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டு போனோம் அல்லவா, அப்போது நடந்தது. சில புரோகிராம்கள் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட்டுக் காட்டியிருக்கும். சில அதுவும் காட்டியிருக்காது.

இந்த வழக்கம் புதிதும் அல்ல. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்திலேயே ஆட்டோஎக்ஸெக் என்று ஒரு ஃபைல் உண்டு. மெஷின் ஆன் ஆனதும் ஓட வேண்டியவற்றை வரிசையாக அதில் எழுதி வைப்பார்கள். ஒரு வித்தியாசம், அன்றைக்கு அந்த வரிகளைப் பெரும்பாலும் நாமே எழுதினோம். அதனால் எது எதற்காக இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருந்தது.

சரி, பத்துப் பதினைந்து புரோகிராம் ஒன்றாக ஓடினால் என்ன, இந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் தாங்காதா? தாங்கும். அடைப்பு விழுவது டிஸ்கில். பழைய மாதிரி ஹார்டு டிஸ்க் என்பது சுழலும் தட்டு. லேப்டாப்பில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று, டெஸ்க்டாப்பில் 7200. தட்டின் மேல் ஒரு கை ஆடிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் இருக்கும் தலைதான் படிப்பது, எழுதுவது எல்லாம். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவி, வேண்டிய பகுதி சுழன்று கீழே வரும் வரை காத்திருக்க அதற்குச் சுமார் 10 மில்லிசெகண்டு ஆகும். கணக்குப் போட்டால் ஒரு செகண்டில் கிட்டத்தட்ட 100 இடம். ஒவ்வொரு புரோகிராமும் எழும்போது நூற்றுக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளை டிஸ்கின் பல மூலைகளிலிருந்து கேட்கும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேட்டால் அந்தக் கை இங்கும் அங்கும் ஓடிக்கொண்டே இருக்கும், யாருக்கும் வேலை முடியாது.

மே மாதம் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 14 கொண்டை ஊசி வளைவு, நேராக ஏற இருப்பது ஒரே சாலை. வண்டிகள் நேரம் விட்டுப் பிரிந்து வந்தால் எல்லாம் சுகமாக ஏறிவிடும். எல்லோரும் காலை எட்டு மணிக்கே கிளம்பினால் பஸ்ஸும் நகராது, காரும் நகராது. அண்ணாவின் எக்செல், அந்த வரிசையின் கடைசியில் நின்ற பால் வண்டி.

இதோடு மெமரியும் சேர்ந்துகொள்கிறது. எழுந்த புரோகிராம்கள் பயன்படுகிறதோ இல்லையோ, மெமரியில் ஓரிடம் பிடித்து உட்கார்ந்துவிடும். அண்ணாவின் மெஷினில் 4 ஜிபிதான். அது நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கில் கொண்டுபோய் வைக்கும். ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கிற அதே டிஸ்கில்.

யாரெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும். விண்டோஸ் 10-இல் முதல்முறை சின்ன ஜன்னலாக வந்தால் கீழே 'மோர் டீட்டெய்ல்ஸ்' என்பதைத் தட்டி, மேலே 'ஸ்டார்ட்அப்' என்ற தாவலுக்குப் போக வேண்டும். விண்டோஸ் 11-இல் இடது ஓரத்தில் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' என்று இருக்கும். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல்தான் இந்த வசதி இங்கே இருக்கிறது. யாராவது இன்னும் விண்டோஸ் 7 வைத்திருந்தால் எம்எஸ்கான்ஃபிக் என்று தேடித் திறக்க வேண்டும். டாஸ்க் மேனேஜர் மிரட்டலாகத் தெரிந்தால் செட்டிங்ஸுக்குள் ஆப்ஸ், அதற்குள் ஸ்டார்ட்அப் என்று போகலாம். அங்கே வீட்டு ஸ்விட்ச் மாதிரி ஆன், ஆஃப் இருக்கும். எனக்கு டாஸ்க் மேனேஜர்தான் பிடிக்கும், ஏனென்றால் ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று அதில் பின்தொடர்ந்து போக முடியும்.

அண்ணாவின் லிஸ்ட்டில் 17 பெயர். 14 எனேபிள் ஆகியிருந்தன. நாற்காலி போட்டு அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். எது வேண்டும், எது வேண்டாம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

முதலில் ஒரு பிரிண்டர் உதவியாளர். "இந்த பிரிண்டர் எங்கண்ணா?" என்றேன். "அதைப் பழைய இரும்புக்குப் போட்டு மூணு வருஷமாச்சே!" பிரிண்டர் போய்விட்டது. அதில் மை தீர்ந்துவிட்டதா என்று பார்க்கிற புரோகிராம் மட்டும் தினமும் எழுந்து, இல்லாத பிரிண்டரைத் தேடிக்கொண்டிருந்தது. அடுத்தது, 2020-இல் பள்ளி ஆன்லைனில் நடந்தபோது பையனுக்காகப் போட்ட வீடியோ கால் ஆப். பையன் இப்போது கோயம்புத்தூரில் காலேஜில் படிக்கிறான். அவன் லீவுக்கு வந்தபோது போட்ட கேம் லாஞ்சர் ஒன்று. எப்போதோ வைத்திருந்த மொபைலிலிருந்து போட்டோ ஏற்றுகிற மென்பொருள். பாட்டுக் கேட்கிற ஆப். பிடிஎஃப் ரீடருக்கு அப்டேட் வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டுமே ஒரு தனி ஆள்.

அப்புறம் படமே இல்லாமல், வெள்ளைத் தாள் மாதிரி ஒரு ஐகானோடு வெறுமனே 'புரோகிராம்' என்று ஒரு பெயர். பப்ளிஷர் என்ற இடம் காலி. இதைப் பார்த்ததும் பலர் வைரஸ் என்று பதறுவார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. ஒரு மென்பொருளை நீக்கும்போது அது எழுதிக் கொடுத்த சீட்டு மட்டும் நீங்காமல் தங்கிவிடும். விண்டோஸ் அந்த முகவரியைப் படிக்கப் பார்த்து, 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டர் பெயரின் முதல் வார்த்தையோடு நின்றுபோகிறது. ஆள் காலி செய்துவிட்டுப் போன வீட்டின் பெயர்ப்பலகை, அவ்வளவுதான். சந்தேகம் தீர வேண்டுமென்றால் பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் ஃபைல் லொக்கேஷன்' கொடுத்துப் பார்க்கலாம். ஃபைலே இல்லாவிட்டால் அது திறக்காது. திறந்து, 'டெம்ப்' என்கிற தற்காலிக ஃபோல்டருக்குள் புரியாத எழுத்துகளால் பெயர் வைத்த ஃபைலைக் காட்டினால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது டிசேபிள் செய்வதோடு விடாமல் விண்டோஸ் செக்யூரிட்டியில் ஃபுல் ஸ்கேன் போடுங்கள்.

ஒவ்வொரு பெயரிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். ஆன் செய்த முதல் ஐந்து நிமிடத்தில், நான் தொடாமலே இது ஓடிக்கொண்டிருக்க வேண்டுமா? பாட்டு ஆப் நல்ல ஆப்தான். பாட்டுக் கேட்கத் தோன்றும்போது திறந்தால் போகிறது. வீடியோ கால் வேண்டுமா, அழைப்பு இருக்கிற நாளில் திறக்கலாம். வேண்டாம் என்று முடிவானால் பெயரைச் சொடுக்கி 'டிசேபிள்' கொடுப்பதோடு சரி.

டிசேபிள் என்றால் அழிப்பது இல்லை. பயப்படுகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். புரோகிராம் அப்படியே கம்ப்யூட்டரில் இருக்கும், அதற்குள் இருக்கிற ஃபைல்களும் இருக்கும், ஐகானைத் தட்டினால் எப்போதும் போலத் திறக்கும். தானாக எழுவது மட்டும் நிற்கும். தப்பாக ஒன்றை நிறுத்திவிட்டால் அதே இடத்துக்கு வந்து 'எனேபிள்' கொடுத்தால் பழையபடி ஆகிவிடும்.

நானே தப்பாக நிறுத்தியிருக்கிறேன். அன்றைக்கு மிதப்பில் கடகடவென்று பத்துப் பெயரை டிசேபிள் செய்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை போன். "தம்பி, பேரெல்லாம் இங்கிலீஷ்லயே விழுது. தமிழ் வரமாட்டேங்குது." விவசாயிகள் பெயரை அண்ணா தமிழில்தான் அடிப்பார். அவருடைய தமிழ்த் தட்டச்சு மென்பொருளும் அந்தப் பத்தில் ஒன்றாகப் போய்விட்டிருந்தது. ஐந்து நிமிடக் கேள்வியைக் கேட்டிருந்தால் அது தப்பித்திருக்கும். என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை, அழகி மாதிரி எதை நீங்கள் பயன்படுத்தினாலும் அதைத் தொடாதீர்கள். பின்னணியில் ஓடினால்தான் தமிழ் விழும். வரித் தாக்கல் வேலை செய்கிறவர்கள் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கான மென்பொருளையும் அதே வரிசையில் வையுங்கள்.

இ-பாஸ் செக்போஸ்டில் உள்ளூர் டிஎன் 43 வண்டியை நிறுத்த மாட்டார்கள் இல்லையா, அந்த மாதிரி விட்டுவிட வேண்டியவை இன்னும் சில உண்டு. சவுண்டுக்கான ரியல்டெக், லேப்டாப் என்றால் டச்பேடுக்கான மென்பொருள், நீங்களாகக் காசு கொடுத்துப் போட்ட ஆன்டிவைரஸ். 'விண்டோஸ் செக்யூரிட்டி நோட்டிஃபிகேஷன் ஐகான்' என்று ஒன்று இருக்கும். அதை நிறுத்தினால் பாதுகாப்பு நிற்காது, மூலையில் உள்ள கேடயப் படம்தான் மறையும். ஆனாலும் விட்டுவிடுங்கள். ஏதாவது கோளாறு என்றால் அந்தப் படம்தான் சொல்லும்.

நம் ஃபைல்களை இணையத்தில் ஏற்றி வைக்கிற மைக்ரோசாஃப்ட்டின் ஒன்டிரைவ் விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர்களை அதோடு இணைத்து வைத்திருந்தால், அதை நிறுத்திய நாளிலிருந்து நீங்களாகத் திறக்கும் வரை புது ஃபைல் எதுவும் மேலே ஏறாது. அண்ணாவின் மெஷினில் அது லாகின்கூட ஆகாமல் தினமும் "சைன் இன் செய்" என்று கேட்டுக்கொண்டிருந்தது. முதலில் நிறுத்தினேன். பிறகு யோசித்துப் பார்த்து, இலைக் கணக்கு ஒரே ஒரு டிஸ்கில் இருக்கிறதே என்று, சைன் இன் செய்து கொடுத்து, மறுபடி எனேபிள் செய்தேன். கொஞ்சம் வேகம் போனாலும் பரவாயில்லை என்று தோன்றிய ஒரே இடம் அது.

பெயருக்குப் பக்கத்தில் 'ஸ்டார்ட்அப் இம்பாக்ட்' என்று ஒரு பத்தி இருக்கும். ஹை, மீடியம், லோ என்று போட்டிருக்கும். மைக்ரோசாஃப்ட்டின் கணக்குப்படி, எழும்போது ஒரு செகண்டுக்கு மேல் பிராசஸர் நேரமோ 3 எம்பிக்கு மேல் டிஸ்க் வேலையோ வாங்கினால் ஹை. 300 மில்லிசெகண்டு, 300 கேபி இரண்டுக்கும் கீழே என்றால் லோ. நடுவில் இருப்பது மீடியம். 3 எம்பி என்பது இன்றைக்கு மொபைலில் எடுக்கிற ஒரு போட்டோவின் அளவு. இப்போது வருகிற பல ஆப்கள் சாதாரணமாக எழுந்தாலே ஹை ஆகிவிடுகின்றன. அதனால் ஹை என்று பார்த்ததும் வெட்ட வேண்டாம், லோ என்பதற்காகக் காப்பாற்றவும் வேண்டாம். 'நாட் மெஷர்டு' என்றால் இன்னும் அளக்கவில்லை என்று மட்டும் அர்த்தம்.

கடைசியில் அண்ணாவிடம் ஓடவிட்டது ஐந்து. ரீஸ்டார்ட் கொடுத்து மறுபடி ஸ்டாப்வாட்ச். எக்செல் திறக்க மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. பாதியாகிவிட்டது, ஆனால் பறக்கவில்லை.

இங்கே ரீஸ்டார்ட் கொடுத்துத்தான் அளந்தேன், ஷட்டவுன் செய்து ஆன் செய்யவில்லை. காரணம் இருக்கிறது. விண்டோஸ் 8-இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு. அது ஆனில் இருந்தால், ஷட்டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் தன் உள் பகுதியை முழுவதும் மூடாமல், இருக்கிற நிலையிலேயே டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கும். மறுநாள் அதை எடுத்து விட்ட இடத்திலிருந்து தொடரும். ரீஸ்டார்ட்தான் உண்மையாக மூடித் திறப்பது. கரண்ட் பட்டென்று போகும்போது எழுதி வைக்க நேரம் ஏது? "காலையில ஆன் பண்ணா பரவாயில்ல, கரண்ட் போய் வந்தா மட்டும் இவ்ளோ லேட்டாகுதே" என்று இங்கே பலரும் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். காலையில் அது பாதித் தூக்கத்திலிருந்து எழுகிறது. கரண்ட் வந்த பிறகு அடியிலிருந்து கிளம்புகிறது. ஸ்டார்ட்அப் புரோகிராம்கள் இரண்டு தடவையும் வரும்.

டாஸ்க் மேனேஜர் காட்டுவது முழு லிஸ்ட் இல்லை. சர்வீஸ் என்ற பெயரில் பின்னணியிலும், குறித்த நேரத்தில் எழுப்பிவிடுகிற டாஸ்க் ஷெட்யூலர் வழியாகவும் எழுகிறவை தனி. இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்ட ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் தங்கள் சிஸ்இன்டர்னல்ஸ் இணையதளத்துக்காக உருவாக்கியது. 2006-இல் மைக்ரோசாஃப்ட் அவர்களுடைய வின்டர்னல்ஸ் நிறுவனத்தையும் அந்தத் தளத்தையும் வாங்கிவிட்டது. திறந்தால் நூற்றுக்கணக்கான வரி வரும், ஒரு டிக்கை எடுத்தால் எது நிற்கும் என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது. முதல் நாளே அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அதைவிடப் பிரவுசரைப் பாருங்கள். குரோமில், ஜன்னலை மூடிய பிறகும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்க அனுமதி கேட்கிற ஒரு ஸ்விட்ச், செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் இருக்கும். எட்ஜில் 'ஸ்டார்ட்அப் பூஸ்ட்'. பெயர் நன்றாக இருக்கிறது. பிரவுசர் சீக்கிரம் திறப்பதற்காக, அதன் ஒரு பகுதியை லாகின் ஆனவுடனே எழுப்பி வைத்துவிடும். 4 ஜிபி மெஷினில் நான் இரண்டையும் ஆஃப் செய்துவிடுவேன். மேக் வைத்திருப்பவர்களுக்கு சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், லாகின் ஐட்டம்ஸ். கேள்வி அதேதான்.

'உங்கள் கம்ப்யூட்டர் ஸ்லோவாக இருக்கிறது, ஒரே கிளிக்கில் சரிசெய்கிறோம்' என்று வருகிற கிளீனர் மென்பொருள்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அண்ணாவின் 17 பேரில் ஒன்று அந்த வகைதான். ஸ்டார்ட்அப்பைச் சுத்தம் செய்கிறேன் என்று வந்தது, ஸ்டார்ட்அப்பிலேயே உட்கார்ந்து தினமும் ஒரு தடவை மொத்த டிஸ்கையும் தேடிக்கொண்டிருந்தது. அதை மட்டும் டிசேபிள் செய்யவில்லை, முழுவதுமாக நீக்கிவிட்டேன்.

பத்து நாள் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது லிஸ்ட்டைத் திறந்து பார்த்தேன். கேம் லாஞ்சர் மறுபடி எனேபிள்டு. அப்டேட் ஆகும்போது சில புரோகிராம்கள் இப்படித் திரும்பச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடும். அந்த மாதிரி ஆட்களை டாஸ்க் மேனேஜரில் நிறுத்திக்கொண்டே இருப்பதைவிட, அந்த ஆப்பையே திறந்து அதன் செட்டிங்ஸில் 'கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தொடங்கு' என்கிற டிக்கை எடுத்துவிடுவது நல்லது. எடுத்தேன்.

மிச்சம் இருக்கிற அந்த மூன்று நிமிடத்துக்கு என்ன செய்வது என்று அண்ணா கேட்டார். சொன்னேன். ஆடுகிற கையே இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் போட்டால் 10 மில்லிசெகண்டுத் தாவல் மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்கு ஆகிவிடும். வேறு எதையும் மாற்ற வேண்டாம், பழைய டிஸ்கில் இருப்பதை அப்படியே அதில் ஏற்றித் தந்துவிடுகிறேன் என்றேன். அவர் தராசுப் பக்கம் பார்த்தார். மழைக்கு நனைந்த இலை மூட்டை ஒன்று அதில் இருந்தது.

"இலை விலை கொஞ்சம் ஏறட்டும் தம்பி, மாத்திடலாம்" என்றார்.